செவுளின் சிவப்பு

மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பார்க்காதவர் உண்டா? உள்ளே பளிச்சென்று சிவந்திருந்தால் புது மீன். அந்தச் சிவப்பு, மிக மெல்லிய தோலுக்கடியில் இருக்கும் ரத்தம். வளைந்த எலும்பில் சீப்புப் பற்களாய் வரிசையாக இழைகள். ஒவ்வோர் இழையிலும் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத நுண்தகடுகள்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லி ஆக்சிஜன் உண்டு. அதே அளவு நீரில் 10 மில்லிகூடத் தேறாது. அந்தக் கொஞ்சத்தையும் செவுள் எளிதில் விடுவதில்லை. நீர் ஒரு திசையில் போக, ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அதனால் வழி நெடுக, தன்னைவிட ஆக்சிஜன் மிகுந்த நீரையே ரத்தம் சந்திக்கிறது. எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

சுறாவுக்குச் செவுள் மூடி கிடையாது. பெரும்பாலும் பக்கத்துக்கு ஐந்து பிளவுகள். திருக்கைக்கு அவை அடிப்புறம் இருப்பதால், மணலில் படுத்திருக்கும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைவழியே நீரை இழுத்துக்கொள்ளும். சூரை வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். நீச்சல் நின்றால் மூச்சும் நின்றுவிடும். பனையேறிக் கெண்டைக்கோ செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் மடிப்புறுப்பு உண்டு. உடம்பில் ஈரமிருந்தால் கரையில்கூடத் தாக்குப்பிடிக்கும்.

மூச்சு என்ற ஒரே தேவை, வாழும் இடத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப இத்தனை வடிவம் எடுத்திருப்பதுதான் என்னை மலைக்கவைக்கிறது.