பட்டன் எங்கே என்று தெரிந்த ஒருவர்

மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஜென்கின்ஸுக்கு ஆயிரத்துக்கும் மேல் பிளக்இன்கள். பலவும் தம் பங்குக்கு அமைப்புப் பக்கத்தில் ஒரு பெட்டியையோ பட்டனையோ செருகிவிடும். இவற்றைச் சோதிக்க, 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் பிரவுசரைத் தானே ஓட்டிப் பார்க்கும். ஆனால் எந்தப் பட்டன் எங்கே என்பதை டெஸ்ட்டுக்கு டெஸ்ட் எழுதிவைத்தால், ஒரு பட்டன் இடம் மாறிய அன்று நாற்பது டெஸ்ட்டும் சிவந்து நிற்கும்.

பேஜ் ஆப்ஜெக்ட் என்ற முறை அந்த விவரத்தை ஒரே கிளாஸுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறது. டெஸ்ட்டுக்கு ஜாபை உருவாக்கு, ஸ்டெப்பைச் சேர், சேமி என்று சொன்னால் போதும்.

ஜென்கின்ஸின் சோதனைக் கட்டமைப்பில் நான் ரசிப்பது இன்னொன்று. படிவத்தின் உறுப்புகளுக்கு ‘பாத்’ என்ற முகவரியை ஒட்டுவதற்கென்றே ஒரு பிளக்இன் இருக்கிறது! பிளக்இன் எழுதியவர் ஐடி கொடுக்க மறந்தாலும் (மறப்போம், நானும் மறந்திருக்கிறேன்) பெட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். கீழிறங்கும் பட்டியலில் தெரியும் பெயரைப் பேஜ் ஆப்ஜெக்ட் கிளாஸின் தலையில் ஒரு குறிப்பாக எழுதிவைத்தால், பட்டியலைத் திறந்து அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பொதுக் கிளாஸே பார்த்துக்கொள்ளும். புதிய பிளக்இனுக்கு நாம் எழுதவேண்டியது சில நேரம் பத்து வரிகூட வராது.