எல்லை யாருக்கு? குமரப்பாவின் நூலும் திண்டுக்கல் கிணறுகளும்

பொருளாதார வளர்ச்சிக்கு இயற்கை இட்டுள்ள எல்லையைக் குறித்துப் பேசுவோர், 1972-இல் வெளியான ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் ஆய்வையும், 1987-இல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கையையுமே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவர். அவற்றிற்குப் பல்லாண்டுகள் முன்னரே, தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையிலிருந்தவாறே இப்பொருள் பற்றி எழுதினார். காந்தியடிகளின் முன்னுரை பெற்ற ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் அந்நூல் இறையியல் மாணவர் ஊன்றிக் கற்கத்தக்கது.

நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தையும், மரம், பயிர் போல மீண்டும் தழைக்கும் செல்வத்தையும் குமரப்பா வேறுபடுத்துகிறார். பின்னர், உயிரினங்களின் வாழ்க்கையைக் கொண்டு பொருளாதாரத்தை ஐவகைப்படுத்துகிறார். பிற உயிரைக் கொன்று உண்ணும் புலி ஒரு முனை. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை மறுமுனை. புருண்ட்லாண்ட் அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராவண்ணம் இன்றைய தேவையை நிறைவு செய்யுமாறு கூறுகிறது. ஆயினும் வளர்ச்சி தொடரவேண்டும் என்றே கருதுகிறது. குமரப்பாவோ தேவை எது, பேராசை எது என்று வினவுகிறார். இதுவே நூலின் தனிச்சிறப்பு.

இக்கொள்கையை நம் பகுதியின் நிலைமையோடு ஒப்பிட்டு நோக்குவோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 28-8-1996 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றியது. திண்டுக்கல் மாவட்டமும் அதில் அடங்கும். திண்டுக்கல் ஒன்றியத்திலும், செம்பட்டிக்கு அண்மையிலுள்ள ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்திலும் 13 சிற்றூர்களில் ஆய்வு செய்த தன்னார்வக் குழுவொன்று, 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என்று கண்டதை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடந்தனர். ஆபிரகாமின் கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்தனர், ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டினான் (ஆதி. 26). நிலத்தடி நீரே நஞ்சேறியபின் எத்தனை முறை தோண்டினும் பயன் யாது?

இங்கேதான் நூலின் குறை வெளிப்படுகிறது. ஐவகைப் பாகுபாடு மனிதனின் உள்நோக்கத்தை அளக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று தோலைப் புரட்டும் கூலியாள் புலியா, தாய்ப்பறவையா? தோல் வெளிநாடு செல்கிறது. ஆதாயம் முதலாளியைச் சேர்கிறது. கழிவு உழவனின் கிணற்றில் தங்குகிறது. ஆலையை மூடினாலோ முதலில் பட்டினி கிடப்பவன் அக்கூலியாளே. அவனும் நீரிழந்த உழவனும் ஒரே சபையில் திருவிருந்துக்கு வரக்கூடும். அவர்களுக்கு ஆயர் என்ன சொல்வார்? மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்று அத்தீர்ப்பு ஏற்ற நெறி, குமரப்பா விட்ட இடத்தை நிரப்புகிறது. பின்னர் 1949-இல் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராக அவர் உடைமை பற்றியும் ஆராய்ந்தார் என்பதை மறத்தலாகாது. இந்நூலிலோ அதற்குப் போதிய இடமில்லை.

ஆகவே, தேவைகளைக் குறையுங்கள் என்று பொதுப்படப் பிரசங்கிப்பது போதாது. தண்ணீர்க் குடத்தோடு நெடுவழி நடக்கும் பெண்ணுக்கு அதைப் போதிப்பது அநீதியாகும். மிகுதியாக எடுத்தவரிடமிருந்தே எல்லை தொடங்கவேண்டும். இந்நோக்கோடு கற்போமாயின், குமரப்பாவின் நூல் நம் திருப்பணிக்கு உறுதுணையாகும்.