பாறணையில்லாத நோன்பு: உண்ணாநோயும் மருத்துவ நோக்கும்

'அனொரெக்ஸியா நேர்வோசா' என்னும் நோயைத் தமிழில் 'பசியின்மை நோய்' என்றும் 'பசியற்ற உளநோய்' என்றும் வழங்குகின்றனர். இப்பெயர்கள் மூலத்திலுள்ள பிழையை அவ்வாறே பெயர்த்துத் தந்தவையாகும். 1873 இல் இலண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் லசேக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்நோயை விவரித்தபோது, பசி அற்றுப்போதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே இருவரும் பெயரில் வைத்தனர். ஆனால் இந்நோயாளருட் பலருக்குப் பசி அற்றுப்போவதில்லை. அவர்கள் பசியை அடக்குகின்றனர்; பிறருக்குச் சமைத்துப் பரிமாறித் தாம் விலகியிருக்கின்றனர்; நாள் முழுவதும் உணவையே எண்ணுகின்றனர். 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடல்நலமுள்ள 36 ஆடவர் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டபோது, அவர்களும் சமையல் நூல்களைப் படித்து உணவையே கனவு கண்டனர். அவ்வாறாயின் நோயின் குணங்களெனக் கருதப்படுவனவற்றுட் சில பட்டினியின் விளைவுகளே எனலாம். மருத்துவர் பலர் இதனை மறந்து, பெண்ணின் 'பிடிவாதம்' என்று எழுதிவைக்கின்றனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடே 'மறுத்தல்' என்னும் சொல்லை 2013 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலேதான் கைவிட்டது. இக்கட்டுரையில் 'உண்ணாநோய்' என்னும் சொல்லை ஆள்கிறேன், அதுவும் குறையற்றதன்று.

தம்பிலுவிலிலிருந்து ஒரு தாய் தன் பதினேழு வயது மகளைத் திருக்கோவில் ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பே நாவூறு பார்த்தாயிற்று. கட்டாடியாரிடம் நூல் கட்டியாயிற்று. அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. வெளிநோயாளர் பிரிவில் அப்பிள்ளை என்ன சொல்வாள்? "சோறு இறங்குதில்ல, நெஞ்சுக்குள்ள நிக்குது" என்பாள். கொழுத்துவிடுவேன் என்று அஞ்சுவதாக அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. வரிசையோ வாசலுக்கு வெளியேயும் நீளும். மருத்துவர் 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை எழுதுவார். பூச்சி மருந்தும் சேரும். மாதவிடாய் நின்று எத்தனை மாதம் என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமற் போகும். இதில் அவரைமட்டும் குறைகூறுதல் நியாயமன்று. அவர் கற்ற பாடநூலில் இந்நோயாளி மெலிவை விரும்பும் மேலைநாட்டு மாணவியாகவே வருகிறாள்.

அப்பாடநூற் சித்திரத்தை அசைத்தவர் ஹொங்கொங் உளமருத்துவர் சிங் லீ. 1993 இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வில் எழுபது நோயாளருள் 41 பேரிடம் கொழுப்பச்சம் காணப்படவில்லை. வயிறு ஊதுகிறது, உணவு செல்லவில்லை என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள். 1995 இல் புதுதில்லி மருத்துவர் கண்டேல்வாலும் துணைவரும் எழுதிய ஐந்து இளம்பெண்களின் வரலாறுகளும் இதனையொத்தவை. உண்ண மறுத்தலும் வாந்தியும் மிகுந்த மெலிவும் உண்டு. உடலுருவம் பற்றிய திரிந்த எண்ணம் இல்லை. இவர்களை 'வகைமாறிய நோயாளர்' என்று ஒதுக்குவது வசதியானது. ஆயின் வகையை வகுத்தவர் யார், எந்நாட்டுப் பெண்களைக் கண்டு வகுத்தார் என்ற கேள்வி அதனால் தீராது. 1994 இல் ஹொங்கொங் வீதியொன்றில் ஒரு மாணவி விழுந்து இறந்தபின் பத்திரிகைகள் மேலைநாட்டு விளக்கத்தைப் பரப்பின. பின்வந்த நோயாளரிடம் கொழுப்பச்சம் மிகுந்து காணப்பட்டது. விளக்கமும் நோயை வனையக்கூடும் என்பது மருத்துவர் தம்மைப்பற்றியே எண்ணவேண்டிய செய்தியாகும்.

நம் கரையோரத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உண்ணாதிருத்தல் இங்கே பழிக்கப்படும் செயலன்று. வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்கு, ஐப்பசியிற் கந்தசஷ்டியின் ஆறு நாள், கேதாரகௌரியின் இருபத்தொரு நாள் என்று விரதம் ஆண்டு முழுவதும் பரந்துகிடக்கிறது. அயலிலுள்ள அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் றமழான் நோன்பு உண்டு. விரதகாரப் பெண்ணை ஊர் மெச்சும். இப்புகழின் நிழலில் நோய் நெடுநாள் மறைந்திருக்க முடியும். அதற்காக விரதத்தையே நோயென்று காணும் மருத்துவரும் தவறுகிறார். ருடொல்ஃப் பெல் 1985 இல் சியன்னாவின் கத்தரீன் முதலிய இத்தாலியப் புனிதையரை அவ்வாறே படித்தார். அம்முறையை நம் காரைக்காலம்மையார்மீது பிரயோகிக்க ஆசைப்படுவோரும் உளர். ஊனுடலை உதறிப் பேயுருவை வேண்டியவரின் கவிதையை எடைத்தராசில் வைத்து நாம் அறியப்போவது எதுவுமில்லை. வேறுபாடு எளியது. விரதத்துக்குப் பாறணை உண்டு. நோன்புக்கு நோன்பு திறத்தல் உண்டு. அந்நேரம் ஊரோடு கூடியிருந்து உண்ண முடிகிறதா? ஒரு தாதி கேட்கக்கூடிய இக்கேள்வி, எடையட்டவணை காட்டாத ஒன்றைக் காட்டக்கூடும்.

முற்போக்கு நண்பர்கள் சிலர் இதனைச் செல்வர் வீட்டு நோய் என்று புறந்தள்ளுவர். சோற்றுக்கு வழியற்றோர் வாழும் நாட்டில் சோற்றைத் தள்ளும் நோயைப் பேசுதல் அவர்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றுகிறது. மணிமேகலை பசியைப் பிணியென்றே கூறியது. அதே காப்பியம் எவ்வளவு உண்டும் ஆறாத யானைத்தீ கொண்ட காயசண்டிகையையும் நமக்குக் காட்டியது. இல்லாமையால் வரும் பசியையும் உணவு இருந்தும் வரும் துயரையும் அக்காப்பியம் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தவில்லை. அமுதசுரபி இரண்டுக்கும் சென்றது. போரையும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட கரை இது. தன் வாழ்வில் வேறெதிலும் தன் சொல் செல்லாத ஒரு பெண்ணுக்குத் தன் வாய்மட்டுமே தன் ஆட்சிக்குட்பட்டதாக மிஞ்சுதல் செல்வர் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று.

சிகிச்சையிலும் மருத்துவம் தன்னைத் தானே மறுத்து வந்திருக்கிறது. உறவினரே மிக மோசமான பராமரிப்பாளர் என்னும் கருத்துப்பட எழுதிய கல், நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்கச் சொன்னார். ஒரு நூற்றாண்டின்பின் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் ரசல், டேர், ஐஸ்லர் முதலியோர் உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைத்தனர். 1987 இல் வெளியான அவர்களது ஆய்வில், இளவயதில் தொடங்கி மூன்றாண்டுக்குட்பட்ட நோய்க்கு இம்முறை கூடிய பயன் தந்தது. நெடுநாட் பட்டினிக்குப்பின் விரைந்து உணவூட்டினால் இரத்தத்தில் பொசுபேற்று வீழ்ந்து உயிருக்கே ஊறுநேரலாம் என்பதால், முதற்கட்டத்தில் வைத்தியசாலைக் கண்காணிப்பு வேண்டும். அதன்பின் அம்மாவும் பெரியம்மாவும் அம்மம்மாவும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கருகில் மூன்று வேளையும் அமர்ந்திருத்தல், தாய்வழிக் குடியமைப்புடைய தம்பிலுவிலில் இலண்டனைவிட எளிது. ஆனால் அவள் உண்ணாமைக்குக் காரணமே அவ்வீட்டின் கூடத்தில் நடந்த ஏதோவொன்றாயின்? அப்போது தாயை வெளியே அமரச்சொல்லிவிட்டு அவளிடம் தனித்துப் பேச ஒரு அறையும் அரைமணி நேரமும் வேண்டும். நம் வெளிநோயாளர் பிரிவுகளில் அரிதானவை அவ்விரண்டுமே.