உடம்பிலிருந்தே மின்சாரம்

2025 ஜனவரியில் ஆந்திரத்தின் குப்பம் தொகுதியிலுள்ள நடிமூரில், வீடுதோறும் கூரையில் சோலார் தகடு பொருத்தும் திட்டத்தை முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு தொடங்கிவைத்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் அந்த வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரையைப் போல உடம்பும் தன் ஆற்றலைத் தானே சேர்த்துக்கொண்டால் என்ன? பழைய ஆசைதான். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ‘காயசித்தி உபாயம்’, ‘ஆயுள் பரீட்சை’ என்று தனித் தலைப்புகளே உண்டு. மூச்சை வீணாக்காமல் ஆண்டால் ஆயுள் நீளும் என்பது சித்தர் வழி.

வெயில் கணக்கை முதலில் போட்டுவிடலாம். சும்மா படுத்திருப்பவருக்கே ஏறத்தாழ 80 வாட் வேண்டும். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் தருகிறது. பயிர்கள் அதில் நூற்றில் ஒரு பங்கைத்தான் உணவாக்குகின்றன. நம் தோலெல்லாம் பச்சையமாக இருந்தாலும் 10 வாட்தான் தேறும், அதுவும் நடுப்பகலில். அதனால்தான் குஜராத்தின் பிரகலாத் ஜானி பல பத்தாண்டுகள் உண்ணாமல் வாழ்ந்ததாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 2010இல் அகமதாபாத்தில் மருத்துவர்களோடு பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் சேர்ந்து அவரை 15 நாள் கண்காணித்தது. ஆனால் குளிக்கவும் வாய் கொப்பளிக்கவும் அனுமதி இருந்ததால் அது சான்றாகாது. இத்தகைய பேச்சை நம்பிச் சோறு தண்ணீரை நிறுத்தி மாண்டவர்கள் வெளிநாடுகளில் உண்டு. 2024இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தார் பாசியில் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகங்களை வெள்ளெலி உயிரணுக்களுக்குள் புகுத்தினார்கள். அங்கே அவை இரண்டு நாள் வேலை செய்தன. அருமையான வேலை, ஆனால் அது சோற்றுக்கு மாற்றல்ல.

உடம்பிலிருந்து எடுப்பது வேறு கதை. இதயம் துடிக்கச் செலவழிப்பது ஏறத்தாழ ஒரு வாட். துடிப்பைச் சீராக்க நெஞ்சில் வைக்கும் பேஸ்மேக்கருக்குத் தேவை அதில் லட்சத்தில் ஒரு பங்குதான். ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல் துடிக்கும் தசையின் பக்கத்திலேயே ஒரு பேட்டரி மெல்லத் தீர்ந்துகொண்டிருக்கிறது!

1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற நோயாளிக்குப் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரத்தில் நின்றது. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி, தன்னைப் பிழைக்கவைத்த அறுவை மருத்துவரும் பொறியாளரும் மறைந்த பிறகும் இருந்து, 2001இல் 86 வயதில்தான் அவர் இறந்தார். மாற்றும் தொல்லையை ஒழிக்க 1970இல் பாரிசில் புளுட்டோனியத்தையே நெஞ்சில் வைத்தார்கள். அதன் அரைவாழ்வு 88 ஆண்டு. ஆனால் லித்தியம் பேட்டரி வந்ததும் அந்த வழி கைவிடப்பட்டது. இன்றைய கருவி பத்தாண்டு போல ஓடும். ‘பேட்டரி மாற்றுவது’ என்று சொன்னாலும், மூடி முத்திரையிட்ட பெட்டி முழுவதையும் மீண்டும் சதையைக் கீறித்தான் எடுக்கவேண்டும்.

இங்கேதான் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. 2014இல் ஆய்வாளர் ஜனான் தாதெவிரனும் குழுவினரும் மாடு, ஆடுகளின் இதயத்தில் மெல்லிய தகட்டை ஒட்டி, அது வளையும்போதெல்லாம் மின்சாரம் எடுத்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்னில், தானே சாவி முறுக்கிக்கொள்ளும் கைக்கடிகாரத்தின் பொறியை ஒரு குழு இதயத்தில் பொருத்திப் பார்த்தது. 2019இல் சீன ஆய்வாளர்கள் பன்றியின் இதயத்துக்கும் அதன் உறைக்கும் இடையே வைத்த உராய்வு மின்னாக்கி, துடிப்புக்கு 0.495 மைக்ரோஜூல் தந்தது. தசையைத் தூண்ட 0.377 போதும். இவை விலங்குகளில் கண்டவை. அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பு வளர்க்கும் தழும்புத் திசு இறுகினால் தகட்டின் அசைவு குறையும் என்பது பெரிய தடை. வேறொரு வழியில், 2025இல் ஆய்வாளர் ஜான் ரோஜர்சின் குழு காட்டிய அரிசிமணியினும் சிறிய பேஸ்மேக்கர், உடல் நீரையே மின்கலத்தின் திரவமாக்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் கரைந்துபோகிறது. தற்காலிகத் தேவைக்கு, முக்கியமாகப் பச்சைக் குழந்தைகளுக்கு அது.

சாகாவரம் இதில் இல்லை. பேஸ்மேக்கர் வைத்த ஒரு குப்பம் கல்குவாரிக் கூலிக்காரருக்கு இரண்டாம் அறுவையும், அதற்கான கடனும், வேலைபோன நாட்களும் மிச்சமானால் அதுவே நான் கேட்கும் ஆயுள் நீட்டிப்பு. ஆயுளை இன்னொரு விதமாகவும் நீட்டியிருக்கிறார்கள். தகனத்துக்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிடச் சொல்கிறார்கள், தீயில் வெடிக்கும் என்பதால். அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து, குடும்பத்தார் சம்மதத்தோடு அப்படி எடுத்தவற்றைச் சுத்திகரித்து, மும்பை ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் 53 ஏழைகளுக்குப் பொருத்தினார்கள். பேட்டரியில் மீந்திருந்த ஆண்டுகள் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.