மூளைத்தொழிற்பாடும் சிந்தனையும்

'செரிபிரேசன்' என்னும் ஆங்கிலச்சொல், மூளையைக் குறிக்கும் இலத்தீன்சொல்லின் அடியாகப் பிறந்தது. உடற்றொழிலியலறிஞர் வில்லியம் கார்ப்பென்டர் (1813–1885) இதனை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆட்சிக்குக் கொணர்ந்தார். நாம் அறியாதவிடத்தும் மூளை தன் தொழிலை ஆற்றும். அதன் பயன் மட்டுமே பின்னர் உள்ளத்தில் வெளிப்படும் என்பது அவர் கொள்கை. மறந்த பெயரொன்று, தேடுதலை விட்டபின் தானே நினைவில் எழுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பொதுவழக்கில் இச்சொல் பொருள் தேய்ந்தது. சிந்தித்தலைக் குறிக்கும் பகட்டான மாற்றுச்சொல்லாகவும், சிலவேளை நகைக்குறிப்புடனும் ஆளப்படலாயிற்று. அவ்வழக்கையே நோக்கி இதனைச் 'சிந்தனை' எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் முழுதும் பொருந்தாது. சிந்தனைக்குச் சிந்திப்போன் ஒருவன் வேண்டும். கார்ப்பென்டர் கருதியதோ அறிவோனது உணர்வின்றியும் நிகழும் தொழில்.

இவ்வேறுபாடு சிறிதன்று. மூளை தானே தொழிற்படுமாயின், அறிந்து நிற்கும் 'நான்' அம்மூளையின் வேறாதல் வேண்டும் என்று 1870இல் பிரான்செஸ் பவர் கொப் அம்மையார் இச்சொல்லைக் கொண்டே வாதித்தார். உடலைப் பற்றி எழுந்த சொல் உயிரின் தனிமைக்குத் துணையாயிற்று. 'சிந்தனை' எனப் பெயர்த்தால் இவ்வாதத்தின் அடிப்படையே மறையும். ஆன்மாவை அந்தக்கரணங்களின் வேறாகக் கொள்ளும் சைவசித்தாந்தம் பயின்றார்க்கு இவ்வாதத்தின் போக்குப் புதிதன்று. எனினும் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் கரணங்களை மூளையெனக் கோடலும் பிழையாம்.

ஆதலின், அறிவியனூல்களில் 'மூளைத்தொழிற்பாடு' என்பதே தக்கது. பொதுவழக்கிற்குச் 'சிந்தனை' அமையும். ஒரு சொற்கு ஒரு பெயர்ப்பே போதுமெனக் கொள்வோர் இவ்விரண்டனுள் ஒன்றை இழப்பர்.