‘துபியேர’ என்று காதில் விழுந்தால்

ஸ்பானிஷ் படிப்பவர்கள் பலரும் முட்டி நிற்கிற பாடம், இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ். அட்டவணையாக உருப்போட்டால் அலுப்புத்தான். காதால் கேட்டுப் பழகினால், அந்த மொழியின் மிக அழகான வினை வடிவம் இதுதான் என்பேன். (கீழே வரும் ஸ்பானிஷ் சொற்களில் நெடில் வரும் இடத்தை அழுத்தி வாசியுங்கள்.)

‘அப்லாரொன்’ என்றால் ‘பேசினார்கள்’. கடைசி ‘ரொன்’ போய் ‘ர’ வந்தால் ‘அப்லார’. அவ்வளவுதான். ‘துபியேரொன்’ (வைத்திருந்தார்கள்) ‘துபியேர’ ஆகும். ‘திஹேரொன்’ (சொன்னார்கள்) ‘திஹேர’ ஆகும். முறை தவறிய வினைகள் மலிந்த மொழியில் இந்த விதிக்கு ஒரு விலக்குகூடக் கிடையாது.

இந்த வடிவத்தின் பிறப்பு இறந்தகாலத்தில், பேசுவதோ பெரும்பாலும் கைகூடாததை. ‘சி தேங்கொ தியேம்பொ, போய்’: நேரம் இருந்தால் போகிறேன், இருக்கவும் கூடும். ‘சி துபியேர தியேம்பொ, இரீய’: இருந்தால் போவேன், எங்கே இருக்கிறது! தமிழில் இரண்டுக்கும் ‘இருந்தால்’ போதும், மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். ஸ்பானிஷில் அந்த ஏக்கம் வினைக்குள்ளேயே இருக்கிறது.

அழுத்தத்தைக் கவனியுங்கள். ‘அப்லரா’ என்றால் ‘பேசுவார்’, நிச்சயமான எதிர்காலம். ‘அப்லார’ என்றால் பேசினால், பேசமாட்டாரா என்கிற நினைப்பு. ஓரெழுத்து முன்னே அழுத்தியதும் உறுதி கரைந்துவிடுகிறது. ‘ஒஹலா யுவேப’ (மழை பெய்யட்டும்) என்பவர் மழையை எதிர்பார்க்கிறார். ‘ஒஹலா யொபியேர’ என்பவருக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

இதே வடிவத்துக்கு ‘அப்லாசெ’ என்று இன்னொரு உருவும் உண்டு. இரண்டும் லத்தீனின் இரு வேறு வினை வடிவங்களிலிருந்து வந்தவை. ‘ர’ வடிவம் ஒரு காலத்தில் ‘பேசியிருந்தார்’ என்று நடந்து முடிந்ததைத்தான் குறித்தது; பழைய ஸ்பானிஷ் கதைப்பாடல்களில் அந்தப் பொருளைப் பார்க்கலாம். இன்றைய செய்தித்தாள்களிலும் முன்னாள் அதிபரை ‘எல் கெ ஃபுவேர பிரெசிதேந்தெ’ என்று எழுதுகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் பேச்சை ஆள்வது ‘ர’. ‘செ’யைக் கேட்க ஸ்பெயின் பக்கம் காது கொடுக்க வேண்டும்.

ஆனால் மாட்ரிட் காபிக்கடையிலும் ‘கிசியேர உன் கஃபே’ என்றுதான் பணிவாகக் கேட்பார்கள். அந்த இடத்தில் ‘கிசியேசெ’ பொருந்தாது. எதிரில் இருப்பவருக்கு மறுக்க இடம் விட்டுக் கேட்கிற இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்தது.

கடைசியாக ஒரு வாக்கியம், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘சி லொ உபியேர சபீதொ, நொ உபியேர பெனீதொ.’ தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன். இரண்டாவது பாதியில் இலக்கணம் ‘அப்ரீய’ என்றும் சொல்ல விடுகிறது. ஆனாலும் பேச்சில் பலர் ‘உபியேர’வையே திரும்பச் சொல்கிறார்கள், ‘சபீதொ’வும் ‘பெனீதொ’வும் இயைந்து ஒலிக்க.