ஏன், எப்போது

வியாபார சினிமா நம் சிறுபத்திரிகைகளுக்குத் தீட்டு. ஆனால் ஒரு ஜனத்திரள் எதற்காகக் காத்திருக்கிறது என்பது அதன் ரசனையை மட்டுமல்ல, பிரக்ஞையையும் காட்டிக்கொடுத்துவிடும். 'பாகுபலி'யின் இரண்டாம் பாகத்துக்கும் 'எந்திர'னின் தொடர்ச்சியான '2.0'வுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்த காத்திருத்தல்கள் அப்படிப்பட்டவை. வசூலில் எது மிஞ்சும் என்று ரசிகர்கள் போட்ட சண்டை விமர்சனத்துக்கு உதவாது. அவர்கள் கேட்ட கேள்விகள் உதவும்.

2015 ஜூலை 10இல் வெளியான 'பாகுபலி', கட்டப்பா தன் இளவரசனைப் பின்னாலிருந்து குத்துவதோடு அறுந்து நின்றது. ஏன் கொன்றான்? 2017 ஏப்ரல் 28 வரை இந்த ஒரு கேள்வி ஓயவில்லை. அபிராமத்தில் வங்கிக் கவுண்டர் முன் நகையைத் திருப்ப நின்றவர்கள்கூட இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். '2.0'வுக்கு இப்படிக் கேள்வி ஏதுமில்லை. 2010இல் வந்த 'எந்திரன்' தன் கதையை முடித்துக்கொண்டுவிட்டது. அதனால் 'எப்போது' மட்டுமே மிச்சம். 2017 தீபாவளி என்றார்கள். பிறகு 2018 ஜனவரி என்றார்கள். கிராஃபிக்ஸ் முடியவில்லை என்றார்கள். 2018 நவம்பர் 29இல்தான் படம் வந்தது.

முன்னது கதைக்கான ஆவல், பின்னது வெறும் காட்சி மோகம், ஆகவே முன்னதே மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப்படவில்லை. கட்டப்பா பற்றிய கேள்விக்குப் பதில் முதல் படத்திலேயே இருக்கிறது. விடுதலை வாங்கித் தருகிறேன் என்ற அஸ்லம் கானிடம், தன் முன்னோர் அரியணைக்கு அடிமைப்பட்டுச் செய்த சத்தியத்தைச் சொல்லி அவன் மறுக்கிறான். அடிமையின் செயலுக்கு ஏது 'ஏன்'? ஏவியவர் யார் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? சிவகாமியின் கட்டளை என்று இரண்டாம் படம் சொன்னதும் கூட்டம் திருப்தியோடு எழுந்துபோயிற்று. கெஞ்சியும் அழுதும் கடைசியில் கீழ்ப்படிகிற மனிதனைப் பார்த்து நாம் கண் கலங்கினோம். அவனைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்த சத்தியம் யாரையும் உறுத்தவில்லை. விசுவாசம் என்று அதற்கு நாம் பெயர் வைத்துக்கொண்டோம்.

உண்மையில் 'ஏன்' கேட்டிருக்க வேண்டியது சிட்டியைப் பற்றி. ராணுவத்துக்கென்று செய்யப்பட்ட அந்த இயந்திரம் உணர்ச்சி பெற்று, காதலித்து, கெட்டு, நீதிமன்ற உத்தரவின்படி தன்னைத்தானே கழற்றிப்போடுகிறது. 2030இல், காட்சிசாலையில் கிடக்கும் அதனிடம் ஒரு சிறுமி காரணம் கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதுதான் தன் குற்றம் என்கிறது அது. வணிகப் படமொன்றில் இவ்வளவு கடுமையான இடம் தற்செயலாகக்கூட அடிக்கடி நேர்வதில்லை. எட்டு வருஷக் காத்திருத்தலில் அந்தச் சிறுமியின் கேள்வியை யாரும் தொடரவில்லை, இயக்குநர் உட்பட. '2.0'வில் பறவை அரக்கனை அடக்க சிட்டியைத் திரும்பப் பூட்டி ஏவுகிறார்கள். அது மறுபடி ஏவலாள் ஆனதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. முப்பரிமாணத்தில் வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம்.

கீழ்ப்படிந்த மனிதனிடம் ரகசியம் தேடினோம். சிந்தித்த இயந்திரத்திடம் தேதி கேட்டோம். இரண்டு காத்திருத்தல்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: கட்டளை என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது என்ற நம் பழைய சம்மதம். இதைக் குலைக்கிற படத்துக்காக இங்கே யாரும் காத்திருக்கவில்லை.